கைபேசி மாறுவதும் தளம் மாறுவதும்

சாம்சங் கைபேசி வைத்திருந்த ஒருவர் விவோவோ ஷாவ்மியோ வாங்கினால் நிறுவனம் மாறுகிறது, தளம் மாறுவதில்லை. இரண்டிலும் ஓடுவது ஆண்ட்ராய்டு. புதுக் கைபேசியில் பழைய கூகுள் கணக்கைத் திறந்ததும் தொடர்பு எண்கள், படங்கள், காசு கொடுத்து வாங்கிய செயலிகள் எல்லாம் வரிசையாக வந்து இறங்கிவிடும். அதே ஆள் ஐஃபோன் வாங்கும்போதுதான் தளம் மாறுகிறார். செயலி வாங்கும் கடை, படங்கள் போய்ச் சேரும் கிடங்கு, கடவுச்சொற்களின் பெட்டி, கைக்கடிகாரம், காதில் மாட்டும் கருவி, குடும்பத்தோடு பேசும் வழி, பல ஆண்டு பழகிய விரலசைவு என ஒரு குடித்தனமே அப்போது இடம்பெயர்கிறது. கைபேசித் துறையில் 'தளம்' என்ற சொல் இந்தக் குடித்தனம் முழுவதையும் குறிக்கும்.

இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இரண்டே தளங்கள்: ஆப்பிளின் ஐஓஎஸ், கூகுளின் ஆண்ட்ராய்டு. ஒன்றில் வந்த வசதி சில ஆண்டுகளில் மற்றதிலும் வந்துவிடுகிறது. பொத்தானை எடுத்துவிட்டு விரலால் தள்ளி இயக்கும் முறை 2017இல் ஐஃபோன் எக்ஸில் வந்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 அதை எடுத்துக்கொண்டது. முகப்புத் திரையில் கடிகாரமும் வானிலையும் பதிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2009இலேயே இருந்தது. ஐஃபோனுக்கு வர 2020 ஆயிற்று. சரக்கில் இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது சிலர் ஏன் மாறுகிறார்கள், பெரும்பாலோர் ஏன் மாறுவதில்லை என்பதற்குக் கருவிக்குள் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மீதி, அந்தக் கருவியில் யாரோடு பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

பெரும் இடப்பெயர்வுகள்

2010இல் உலகில் விற்ற திறன்பேசிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் சிம்பியன் தளத்தில் ஓடின. அது நோக்கியாவின் கோட்டை. ஐஃபோன் கடைக்கு வந்து அப்போது மூன்று ஆண்டு. முதல் ஆண்ட்ராய்டு கைபேசி வந்து இரண்டு ஆண்டு. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் எலோப் ஊழியர்களுக்கு எழுதிய மடல் ஒன்று வெளியே கசிந்தது. கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடை தீப்பற்றி எரிகிறது. விளிம்பில் நிற்பவன் குளிர்ந்த கடலில் குதிப்பதா, நின்று எரிவதா என்று தவிக்கிறான். நோக்கியா அந்த மேடையில்தான் நிற்கிறது என்றது மடல். சில நாளில், சிம்பியனை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் தளத்துக்குப் போவதாக அறிவிப்பும் வந்தது. ஆனால் முதல் விண்டோஸ் கைபேசி கடைக்கு வர அந்த ஆண்டின் கடைசி ஆகிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில், இது சாகப்போகிறது என்று கடைக்காரரே சொல்லிவிட்ட சரக்கைத்தான் நோக்கியா விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கண்ணாடி அலமாரிக்கு நகர்ந்தார்கள். 2013இல் சிம்பியன் கைபேசிகளை அனுப்புவதையே நோக்கியா நிறுத்திக்கொண்டது.

விண்டோஸ் தளத்தின் கதை இன்னும் பெரிய பாடம். லூமியா 1020 என்ற கைபேசி 2013இல் 41 மெகாபிக்சல் காமிராவோடு வந்தது. அன்று அதற்கு நிகரான காமிரா ஐஃபோனிலோ ஆண்ட்ராய்டிலோ கிடையாது. அதில் எடுத்த படத்தைப் போட இன்ஸ்டாகிராம் செயலிதான் இல்லை. அது அந்த ஆண்டு நவம்பரில்தான் விண்டோஸுக்கு வந்தது. கூகுள் தன் யூடியூப் செயலியைச் செய்து தரவே இல்லை. மைக்ரோசாஃப்ட் தானே செய்து வெளியிட்டதையும் தடுத்துவிட்டது. செயலி எழுதுவோர் பயனர் கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தார்கள். பயனர்கள் செயலி வரட்டும் என்று காத்திருந்தார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பதுபோல் இரு தரப்பும் நின்றதில் தளம் கரைந்தது. 2019 முடிவில் வாட்ஸ்அப்பும் விண்டோஸ் கைபேசிகளைக் கைவிட்டது. அதுவரை பிடிவாதமாக இருந்தவர்களும் அன்று மாறத்தான் வேண்டியிருந்தது.

இந்த இடப்பெயர்வின் ஒரு முனை தமிழ்நாட்டிலும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அங்கே பெரும்பாலும் சாதாரணப் பொத்தான் கைபேசிகள்தான் தயாராயின. நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கால் அந்த ஆலை அதில் சேராமல் போனதும் மூடலுக்கு ஒரு காரணம். ஆகவே சிம்பியன் வீழ்ந்ததால் ஆலை மூடியது என்று ஒரே வரியில் முடிச்சுப் போடுவது சரியாகாது. இருந்தாலும் அந்த விற்பனைக்கே நோக்கியாவைக் கொண்டுவந்து நிறுத்தியது பயனர்கள் நடையைக் கட்டியதுதான். பின்னர் அந்த இடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கிச் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. ஆப்பிளுக்குச் சார்ஜர் கொடுக்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

தள்ளுவது, இழுப்பது, கட்டிப்போடுவது

ஒருவர் ஏன் ஊர் மாறுகிறார் என்ற கேள்வி கைபேசியைவிட நூறாண்டு மூத்தது. 1885இல் ராவன்ஸ்டைன் குடிபெயர்வுக்கு விதிகள் வகுத்தார். 1966இல் எவரெட் லீ, பழைய ஊர் தள்ளுவதையும் புதிய ஊர் இழுப்பதையும் இடையிலுள்ள தடைகளையும் பிரித்துக் காட்டினார். 1995இல் புரூஸ் மூன் இதில் இன்னொன்றைச் சேர்த்தார்: படகைக் கரையில் கட்டிவைக்கும் தறி. ஊரில் மழையில்லை, பட்டணத்தில் கூலி அதிகம் என்று தெரிந்தும் வயதான தாய், பிள்ளையின் பள்ளிக்கூடம், குலதெய்வம் என்று ஏதோ ஒன்று ஆளைக் கட்டிப்போடுகிறது. 2005இல் பன்சால், டெய்லர், செயின்ட் ஜேம்ஸ் ஆகிய மூவரும் இந்தச் சட்டகத்தை வாடிக்கையாளர் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குப் பொருத்திப் பார்த்தார்கள். கைபேசித் தளங்களை ஆராய்வோர் இன்று அதிகம் எடுத்தாளும் சட்டகம் அதுதான்.

தள்ளும் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கைபேசி மந்தமாவது, பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துபோவது, புதுப்பிப்பு வராமல் நிற்பது ஆகியவை முதன்மையானவை. ஆண்ட்ராய்டுக் கைபேசிகள் பலவற்றுக்கு நெடுநாள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுதான் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்தது. கைபேசி நன்றாக இருக்கும். வங்கிச் செயலி மட்டும் இந்தப் பதிப்பில் ஓடாது என்று சொல்லும். 2023இல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்ததற்கு இந்தக் கசிவை அடைக்கும் நோக்கமும் இருந்திருக்க வேண்டும். ஐஃபோன் பக்கம் 2017 டிசம்பரில் ஒரு குட்டு வெளிப்பட்டது. பேட்டரி நலிந்த பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது. கோபம் பெரிதாக எழுந்தது. ஆனால் கோபப்பட்டவர்கள் அதே அளவில் வெளியேறிவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தள்ளுவது மட்டும் போதுவதில்லை.

இழுக்கும் காரணங்களில் திரையின் அளவு நல்ல எடுத்துக்காட்டு. சாம்சங் 2011இல் 5.3 அங்குலத் திரையோடு கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது அதைக் காதில் வைத்த பலகை என்று கேலி பேசினார்கள். வாங்கியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஃபோன் 2014 வரை 4 அங்குலத்தைத் தாண்டவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் 4.7, 5.5 அங்குலங்களில் ஐஃபோன் 6 வரிசை வந்ததும், ஆண்ட்ராய்டிலிருந்து வருவோர் முன்பைவிடக் கூடியிருப்பதாக ஆப்பிள் தன் காலாண்டு அறிக்கைக் கூட்டங்களில் சொன்னது. அவர்கள் ஆப்பிளை வெறுத்து வெளியே நின்றவர்கள் அல்லர்; பெரிய திரைக்காக மட்டும் வாசலில் காத்திருந்தவர்கள்.

தறியில் கட்டிய கயிறு

பொருளியலில் இதற்கு மாறும் செலவு என்று பெயர். பால் கிளெம்பரர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். மாறுவது கடினமான சந்தையில் நிறுவனங்கள் முதல்முறை வாங்குபவரைப் பிடிக்கத் தாராளம் காட்டும்; பிடித்தபின் அதை வட்டியோடு வசூலிக்கும். பணச் செலவு கண்ணுக்குத் தெரியும்: ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய செயலி இன்னொரு கடையில் செல்லாது, ஆப்பிள் வாட்ச் ஐஃபோனோடு மட்டுமே சேரும், கேலக்ஸி வாட்ச் 2021இன் நான்காம் வரிசை முதல் ஐஃபோனோடு சேர்வதில்லை. பழக்கத்தின் செலவு தெரியாது. ஆண்ட்ராய்டிலிருந்து வந்தவரின் கட்டைவிரல் முதல் ஒரு வாரம் திரையின் வலது ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே 'பின்னால் போ' என்ற கட்டளை இல்லை என்பது மூளைக்குத் தெரிந்தாலும் விரலுக்குத் தெரியாது. இருப்பதே போதும் என்று மனிதர் சாய்வதை 1988இல் சாமுவெல்சன், செக்ஹவுசர் இருவரும் ஆய்ந்து எழுதினர். அதற்குக் கைபேசியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் கயிறுகளில் தடித்தது மனிதர்களால் முறுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஐமெசேஜ் அதற்குச் சாட்சி. 2011இல் ஆப்பிள் தொடங்கிய இந்தச் சேவையில் ஒரு ஐஃபோனிலிருந்து இன்னொரு ஐஃபோனுக்குப் போகும் செய்தி இணையம் வழியே நீல நிறத்தில் போகும். ஆண்ட்ராய்டுக்குப் போவது பச்சையில், 2024 வரை பழைய குறுஞ்செய்தியாகவே போயிற்று. எட்டுப் பேர் ஐஃபோனில் பேசிக்கொண்டிருக்கும் குழுவில் ஒன்பதாவதாக ஆண்ட்ராய்டுக்காரர் ஒருவர் நுழைந்தால் குழு முழுவதும் பச்சையாகிவிடும். அனுப்பிய படம் அப்போது தபால்தலை அளவுக்குச் சுருங்கி மங்கலாக வந்து சேர்ந்தது. குற்றம் நடுவிலுள்ள ஏற்பாட்டுடையது. பழி அந்த ஒன்பதாவது ஆளின் தலையில். பள்ளிப் பிள்ளைகளிடையே பச்சைக் குமிழி ஒரு சாதி அடையாளம்போல் ஆயிற்று என்றால் மிகையில்லை. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால், ஐஃபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்ற கருத்தை ஆப்பிளின் உயர் அதிகாரிகள் மின்னஞ்சலில் எழுதிக்கொண்டது 2021இல் எபிக் கேம்ஸ் வழக்கில் வெளிவந்தது. நிறுவனமே தறியைத் தறி என்று பெயர் சொல்லி அழைத்த அரிய இடம் அது.

அந்தக் கயிறு அறுத்துப் போனவரையும் விடவில்லை. ஐஃபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறியவரின் எண் ஆப்பிளின் பதிவேட்டில் அப்படியே இருந்தது. பழைய நண்பர்கள் ஐஃபோனிலிருந்து அனுப்பிய செய்திகள் நீல வழியிலேயே போய், யாரும் திறக்காத வீட்டின் தபால் பெட்டியில் விழுந்தன. அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியும். பெற வேண்டியவருக்கு ஒன்றும் வராது. எண்ணைப் பதிவேட்டிலிருந்து நீக்க ஆப்பிள் ஒரு வலைப்பக்கம் திறந்தது 2014 நவம்பரில், சேவை தொடங்கி மூன்று ஆண்டுக்குப் பிறகு. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறையை ஏற்றதால் ஆண்ட்ராய்டிலிருந்து வரும் படங்கள் இப்போது தெளிவாக வருகின்றன. குமிழியின் நிறம் மட்டும் பச்சையாகவே இருக்கிறது.

கயிறு கழன்றால் என்ன ஆகும் என்பதை பிளாக்பெர்ரி காட்டியது. அதன் பிபிஎம் செய்திச் சேவை இந்தோனேசியாவில் இளைஞர்களின் பேச்சு மொழியாகவே இருந்தது. 2012 வாக்கில் பிளாக்பெர்ரிக்கு உலகில் சுமார் 8 கோடிப் பயனர்கள். 2013 அக்டோபரில் பிபிஎம் ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் திறந்துவிடப்பட்டது. செய்திச் சேவையைப் பிழைக்கவைக்க எடுத்த முடிவுதான். ஆனால் அந்தக் கைபேசியிலேயே இருப்பதற்கு மிஞ்சியிருந்த காரணமும் அதோடு போயிற்று. பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று அணைக்கப்பட்டன.

சீனாவில் கயிறு வேறு இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பேச்சு, பணம், பயணச்சீட்டு, அரசு வேலை எல்லாம் வீசாட் என்ற ஒரே செயலிக்குள் நடக்க, அது எந்தக் கைபேசியிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. அங்கே தளம் மாறுவது வீட்டின் வெளிச்சுவருக்கு வண்ணம் மாற்றுவதுபோல. ஹுவாவே இதன் இன்னொரு முகம். 2019 மேயில் அமெரிக்கத் தடைக்கு உள்ளான பிறகு அதன் புதிய கைபேசிகளில் கூகுள் சேவைகள் இல்லாமல் போயின. ஐரோப்பாவில் வாங்குவோர் விலகினார்கள். சீனாவில் கூகுள் சேவைகள் முன்பே கிடையாது. இழக்க எதுவும் இல்லாததால் அங்கே ஹுவாவே நின்றது. ஆண்ட்ராய்டுச் செயலிகளையே ஏற்காத தன் சொந்த ஹார்மனி தளத்தை 2024இல் வெளியிடும் அளவுக்கு அது நிமிர்ந்தது.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் இயங்கும் திறன்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. இங்கே ஐமெசேஜின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். கயிறு மெலிந்தது, ஆனால் நடுவில் விலை என்ற மதில் நிற்கிறது. 2024இல் ஐஃபோன் 16 இந்தியாவில் 79,900 ரூபாயில் தொடங்கியது. அதில் எட்டில் ஒரு பங்குக்கு அப்போது நல்ல ஆண்ட்ராய்டுக் கைபேசி கிடைத்தது. மதிலில் ஏணி வைப்பவை மூன்று: வட்டியில்லா ஈஎம்ஐ, பழைய கைபேசிக்கு எக்ஸ்சேஞ்ச், பண்டிகைத் தள்ளுபடியில் வரும் முந்தைய ஆண்டு மாடல். செகண்ட் ஹேண்ட் கடையில் மூன்றாண்டுப் பழைய ஐஃபோன் தேடி வருபவர் பெரும்பாலும் முதன்முறை தளம் மாறுபவர்தான்.

அவரை இழுப்பதில் மதிப்புக்கும் பங்குண்டு. ஐஃபோன் வாங்கியவர் கண்ணாடி முன் நின்று தன்னைப் படமெடுக்கும்போது முகம் பாதி மறைந்தாலும் கைபேசியின் முதுகு முழுதாகத் தெரியும். ஆண்ட்ராய்டுக்காரர் அப்படிப் படமெடுப்பது குறைவு. இதைப் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது ஆராய்பவருக்கு வசதி. நகையும் பட்டும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்தால் அதுவும் அதன் பயன்களில் ஒன்றாகத்தான் எண்ணப்பட வேண்டும்.

எதிர்த்திசையில் பிடித்து நிறுத்தியவை மிகச் சாதாரணமானவை. இரண்டு சிம் போடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்க, 2018 வரை ஐஃபோனில் ஒரே சிம்தான். தொழில் செய்பவர்கள் அழைப்பைப் பதிவுசெய்து வைப்பார்கள். ஐஃபோனில் அந்த வசதி 2024இல்தான் வந்தது, அதுவும் பதிவாகிறது என்று எதிர்முனைக்கு அறிவித்துவிட்டு. வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே சார்ஜர் என்றிருக்கும் இடத்தில் 2023இன் ஐஃபோன் 15 வரை ஐஃபோன்காரர் தனி ஒயர் தேட வேண்டியிருந்தது. தமிழில் எழுதுவோருக்கு ஒரு காலத்தில் தனித் தொல்லை இருந்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஐஃபோனில் எழுத்து தெரிந்தாலும், 2013இன் ஐஓஎஸ் 7 வரை தமிழ் விசைப்பலகை உள்ளே இல்லை. வெளி விசைப்பலகைகளை 2014இன் ஐஓஎஸ் 8தான் அனுமதித்தது. ஐஓஎஸ் 7க்கு முன் செல்லினம் போன்ற செயலிக்குள் எழுதி, நகலெடுத்துக் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. இத்தடைகள் ஒவ்வொன்றாக விழுந்த பிறகு, இன்று இந்தியாவில் மாறுவதா வேண்டாமா என்பது ஏறக்குறைய பணக் கேள்வியாகவே சுருங்கிவிட்டது.

எண்ணும் அரட்டையும்

தொலைபேசி நிறுவனம் மாறினாலும் எண் மாறாமல் வைத்துக்கொள்ளும் உரிமை இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் சட்டப்படி கிடைத்தது. தளத்துக்கு அப்படியொரு சட்டம் எங்கும் முழுமையாக இல்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, இரு தளங்களுக்கு இடையே மாறுவோர் குறைவு என்பதை ஆப்பிள், கூகுள் இரண்டின் ஆதிக்கத்துக்கு ஒரு சான்றாகக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் இவ்விரு நிறுவனங்களும் பயனரின் தரவுகளை வெளியே எடுத்துப்போக வழிவிட வேண்டும் என்கிறது. அதே மாதம் அமெரிக்க நீதித் துறை ஆப்பிள் மீது தொடுத்த வழக்கிலும் பச்சைக் குமிழி இடம்பெற்றது.

நிறுவனங்கள் தாமாகத் திறந்த வாசல்கள் உள்நோக்கியே திறந்தன. ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு வர உதவும் செயலியை ஆப்பிள் 2015இல் வெளியிட்டது. ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வர உதவுவதைக் கூகுள் 2022இல் வெளியிட்டது. வரவேற்பறையை இருவரும் கட்டினார்கள். வழியனுப்பும் அறையை நெடுநாள் யாரும் கட்டவில்லை. வாட்ஸ்அப் அரட்டைகளுக்கு இன்னும் தாமதம். ஆண்ட்ராய்டின் பேக்கப் கூகுள் டிரைவில், ஐஃபோனின் பேக்கப் ஐகிளவுடில். இரண்டும் ஒன்றை ஒன்று படிக்காது. இறந்துபோன தந்தையின் குரல் பதிவு ஒரு அரட்டையில் இருக்கிறது என்பதற்காகப் பழைய கைபேசியை அணைக்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு. ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு 2021இலும், எதிர்த்திசையில் 2022இலும்தான் அந்த வழி திறந்தது.

இப்போது ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கு மாறும் நாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். புதிய ஐஃபோன் கட்டாயம் பெட்டி பிரித்த நிலையில், எதுவும் ஏற்றாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்ட கைபேசிகள் இந்த இடத்தில்தான் சிக்கும். இரண்டும் ஒரே வைஃபையில், இரண்டும் சார்ஜரில். தொடர்பு எண்கள் சில நிமிடத்தில் வந்துவிடும். படங்களும் அரட்டைகளும் இரவு வரை ஓடும். இலவசச் செயலிகளின் சின்னங்கள் மங்கலாக வந்து உட்காரும். காசு கொடுத்தவை வருவதில்லை. பிறகு சிம்மை மாற்றிப் போட்டு, யூபிஐ செயலியைத் திறந்து, அது எழுதித் தரும் குறுஞ்செய்தியை அனுப்பி, சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். புதுக் கைபேசிக்கு முதல் நாள் தொகை வரம்பும் உண்டு. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு ஓடிபி. பழைய கைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். அதோடு மட்டும் சேரும் கைக்கடிகாரம் மேசை இழுப்பறைக்குப் போகும்.